பொதியின் எழுத்தும் விருந்தோம்பலும்



விருந்தோம்பல் நம் வன்னி மண்ணுக்குப் புதிதன்று. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குக் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் வருகின்றனர். அவர்களின் பிள்ளைகளுள் யாரேனும் "எனக்குக் கோதுமை ஆகாது" என்றால், அதனை நாகரிகப் பத்தியம் என்று நாம் நகைத்தல் தகாது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதமே குளுட்டன். சீலியாக் நோயுள்ளோர் அதனை உண்டால், அவர்தம் உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகின்றது. உண்டதன் சத்து உடம்பிற் சேராது. பிள்ளை மெலியும், வளர்ச்சி குன்றும், இரத்தசோகை உண்டாகும். கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஒல்லாந்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே 1950ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டில் எடுத்துக்காட்டினார். வாழ்நாள் முழுதும் குளுட்டனை விலக்குதலே இன்றும் இதற்குப் பரிகாரம். ஆதலால், "ஒரு துண்டு பாண் தின்றால் என்ன?" என்னும் நம் அன்பு அங்கே தீங்காய் முடியும்.

பொதியின்மேல் "குளுட்டன் அற்றது" என்று எழுதியிருப்பதன் பொருள் யாது? கிலோ ஒன்றில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இல்லை என்பதே. 2008இல் திருத்தப்பெற்ற கோடெக்ஸ் என்னும் சர்வதேசத் தரநியமம் இவ்வளவைக் கூறுகின்றது. இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் இதனையே கைக்கொள்கின்றன. உற்பத்தியாளர் தாமே எழுதிக்கொள்வது ஒன்று. வேறொரு நிறுவனம் சோதித்துச் சான்று தருவது மற்றொன்று. பிரித்தானியப் பொதிகளிற் காணும் குறுக்குக் கோடிட்ட கதிர்ச் சின்னம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது; அதனோடு ஓர் உரிம எண்ணும் இருக்கும். "கோதுமை அற்றது" என்பது போதாது. பார்லி அதில் இருக்கலாம்.

சின்னம் இல்லாத பொதியாயின் சேர்மானப் பட்டியலைப் படித்தல் வேண்டும். கூட்டுப் பெருங்காயத்திற் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். சோயா சோஸிலும் கோதுமை உண்டு; மோல்ட் என்பது பார்லியின் முளை; றவை கோதுமையே. சோறு தூயதாயினும் இரசத்திலிட்ட பெருங்காயம் அதைக் கெடுத்துவிடும்.

நம் நெல்லரிசி, குரக்கன், சாமை, உழுந்து, ஒடியல் ஆகியவற்றில் இயல்பாகவே குளுட்டன் இல்லை. எனினும், கோதுமை அரைத்த ஆலையிலேயே குரக்கனையும் அரைத்தால் கலப்பு நேரும். அத்தகைய விருந்தினருக்கென வீட்டு உரலில் இடித்த மாவே நன்று.

இன்னும் இரண்டு சொல்வோம். நோய் இல்லாதார் இச்சின்னத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. அது சத்துக்குத் தரும் சான்றன்று. நோய் உண்டென ஐயுறுவோர் வைத்தியரைக் காணுமுன் கோதுமையை நிறுத்தலாகாது. நிறுத்தினால் இரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டாது போகலாம்.

வாலிப அன்பர்களே, அன்னதானத்தில் பரிமாறும் பொறுப்பு உங்களுடையது. பொதிகளின் மேலுறைகளை வீசிவிடாது வைத்திருங்கள். கேட்பவர் தாமே படித்தறியட்டும். ஒரு பானையையும் ஓர் அகப்பையையும் தனியே ஒதுக்குங்கள். பந்திக்கு வந்த எந்தப் பிள்ளையும் அச்சமின்றி உண்டு எழுவதே அன்னதானத்தின் நிறைவு என்போம்.