மாணவர் எடுக்கும் ஊர்க் கணக்கும் உழைப்பாளி மக்களும்

(திண்டுக்கல்லில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கல்லூரி மாணவர்கள் நோட்டும் பேனாவும் கைபேசியுமாக நம் தெருக்களுக்கு வருவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். "வீட்டில் எத்தனை பேர்? கூலி என்ன? கடன் உண்டா? பிள்ளைகள் எத்தனையாவது படிக்கிறார்கள்?" என்று கேட்டு எழுதிக் கொள்கிறார்கள். பட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் சமுதாயப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுதித் தர வேண்டும் என்பது பல கல்லூரிகளில் பாடத்தோடு சேர்ந்த வேலை. நம் பக்கத்துக் காந்திகிராமத்தில் 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக் கழகம் ஆயிற்று. மாணவர்கள் கிராமத்திலேயே தங்கி, மக்களோடு பழகிப் படிக்க வேண்டும் என்பது அங்கே ஒரு முறை. ஆகவே, திண்டுக்கல் சீமைக்கு இந்தக் கணக்கெடுப்பு புதிதல்ல.

அவர்கள் வரும்போது நாம் என்ன செய்கிறோம்? ஏதோ உதவி வரப் போகிறது என்று எண்ணிச் சிலர் வருமானத்தைக் குறைத்துச் சொல்கிறோம். மானேஜர் காதுக்குப் போய்விடுமோ என்று அஞ்சி, சிலர் மழுப்பி அனுப்புகிறோம். "எழுதிட்டுப் போனவுக யாரு திரும்பி வந்தாக?" என்று சிலர் கதவைச் சாத்துகிறோம். இந்த மூன்றுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கணக்கு நமக்கு வேண்டிய கணக்கு என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். அது யார் கணக்காக முடிகிறது என்பதுதான் கேள்வி.

நூறாண்டுக்கு முந்திய ஒரு விடுமுறை

1915-ம் ஆண்டின் இறுதியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அதற்கு முன் அவர் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்து ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்தவர். அது தொழிலாளர்கள் படிப்பதற்கென்று 1899-ல் தொடங்கப்பட்ட கல்லூரி.

புத்தகத்தில் உள்ள பொருளாதாரத்தை நெட்டுருப் போட்டால் போதாது என்று ஸ்லேட்டர் கருதினார். 1916-ல் மாணவர்களின் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கிணறு எத்தனை, கூலி பணமாகவா நெல்லாகவா, கடனுக்கு வட்டி என்ன என்று அவர்கள் எழுதி வந்தார்கள். 1918-ல் அது நூலாக வெளிவந்தது. தென்னாற்காட்டு இருவேல்பட்டு, தஞ்சையின் பாலக்குறிச்சி, வடாற்காட்டு தூசி, திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், இராமநாதபுரச் சீமையின் வடமலைபுரம் ஆகிய ஊர்கள் அந்த நூலால் உலகத்துக்குத் தெரிய வந்தன.

இருவேல்பட்டில் படியாள் முறை இருந்தது. மகனுக்கோ மகளுக்கோ கல்யாணம் செய்ய மிராசுதாரிடம் ஒருவன் கடன் வாங்குவான். கடன் தீரும்வரை அவர் பண்ணையில் உழைக்க வேண்டும். ஆனால் கடன் தீருவதே இல்லை! அப்பன் வாங்கியது மகன் தலையில், மகன் தலையிலிருந்து பேரன் தலையில். நிலம் கைமாறினால் படியாளும் நிலத்தோடு கைமாறுவான். மாடு கன்றைப்போல மனிதனும் மாற்றப்பட்ட இந்தச் செய்தி அச்சில் ஏறிவிட்டது. "அந்தக் காலத்தில் பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே குடும்பம்போல வாழ்ந்தார்கள்" என்று எவராவது கதை அளந்தால், அவர் முகத்துக்கு நேரே நீட்ட அந்தப் புத்தகம் இருக்கிறது. இளைஞர் ஒருவர் விடுமுறையில் எழுதிய சில பக்கங்களின் பலம் அது!

அதோடு நிற்கவில்லை. 1936-37-ல் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் என்ற இரு ஆசிரியர்கள் மறுபடி அந்த ஊர்களுக்குக் கணக்கெடுக்க ஏற்பாடு செய்தார்கள். 1961-ல் மார்கரெட் ஹாஸ்வெல் என்ற ஆங்கிலப் பெண்மணி வந்தார். 1980-களில் எஸ். குகனும் மற்றவர்களும் வந்தார்கள். 2008-ல் இருவேல்பட்டு மீண்டும் ஆராயப்பட்டது. மிராசுதாரின் பிடி பெருமளவு தளர்ந்திருந்தது. படியாள் முறை மறைந்திருந்தது. ஊருக்கு வெளியே கிடைத்த வேலை, ஏழை மக்களைப் பண்ணை வாசலிலிருந்து ஓரளவு விடுவித்திருந்தது. சாதி மட்டும் போகவில்லை. 90 ஆண்டுகளில் எது மாறிற்று, எது மாறவில்லை என்று இவ்வளவு துலக்கமாகச் சொல்லக்கூடிய ஊர்கள் இந்தியாவிலேயே மிகச் சில.

திண்ணையும் வாசலும்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1916-ல் கல்லூரிக்குப் போகக் கூடியவர் யார்? பெரும்பாலும் நிலம் உடையவர் வீட்டுப் பிள்ளைகள், மேல்சாதிப் பிள்ளைகள். கேட்பவர் திண்ணையில் உட்கார்ந்திருக்க, சொல்பவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றால் அங்கே எந்த உண்மை முழுதாக வெளிவரும்? ஏக்கர் எத்தனை என்பது வரும். நெல் எத்தனை மரக்கால் என்பது வரும். சவுக்கடியும் சாணிப்பாலும் வருமா? பெண்கள் பட்ட அவமானம் வருமா? கேள்வி எங்கிருந்து வருகிறதோ, அந்த இடத்தின் உயரம் பதிலிலும் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பாலக்குறிச்சி இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் கீழைத் தஞ்சையில் நெல் கூலி எவ்வளவு, நிலம் யார் கையில் என்பதெல்லாம் 1918-லேயே நூலில் ஏறிவிட்டது. ஆனால் அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். நூலகத்து அலமாரியில் இருந்த புத்தகம் அந்தத் தீயைத் தடுக்கவில்லை. அலமாரியில் இருக்கும் கணக்கு தானாக எழுந்து வந்து யாரையும் காப்பாற்றாது. சங்கத்தின் கையில் வந்தால்தான் அதற்குக் கால் முளைக்கும்.

கால் முளைத்த கதையும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து ஒரு சுவர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் நின்றது. 2008-ல் தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்கள் ஊர் ஊராகப் போய் டீக்கடையில் தனிக் குவளை உண்டா, கோவிலுக்குள் விடுகிறார்களா, சுடுகாட்டுக்குப் பாதை உண்டா என்று கணக்கெடுத்தார்கள். அந்தச் சுவர் நாடறிந்த செய்தி ஆயிற்று. அதே ஆண்டு மே 6-ந் தேதி சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டு வழி பிறந்தது. கேள்வி கேட்டவர்களே போராடவும் நின்றதால் வந்த பலன் இது.

கல்யாணக் கடனும் கல்யாணத் தொகையும்

திண்டுக்கல்லுக்கு வருவோம். வேடசந்தூர்ப் பக்கம் போனால் வரிசையாக நூற்பு மில்கள். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இந்தப் பகுதியிலும் கோவை, திருப்பூர் பகுதிகளிலும் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று பரவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளை மில் விடுதியில் அடைத்து, மூன்று ஆண்டு வேலை வாங்கி, முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். உடம்புக்கு முடியாமல் இடையில் வீடு திரும்பிய பிள்ளைகள் பலருக்கு அந்தத் தொகை கை சேரவில்லை.

இப்போது 1916-ம் ஆண்டின் இருவேல்பட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே கல்யாணத்துக்கு முன்கூட்டியே கடன் கொடுத்துக் கட்டிப் போட்டார்கள். இங்கே கல்யாணத்துக்கென்று கூலியைப் பிடித்து வைத்துக் கட்டிப் போட்டார்கள். அங்கே தகப்பன், இங்கே மகள். அங்கே மிராசுதார், இங்கே மில் முதலாளி. 1961-ல் வரதட்சணை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே புகுந்து ஒரு புதுக் கயிறு முறுக்கப்பட்டது! பழைய கணக்கு கையில் இருப்பதால்தான் இந்தப் புதுக் கயிற்றை நாம் அடையாளம் காண முடிகிறது.

இதைப் பற்றியும் எழுதினார்கள். 2011-ல் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு ஓர் அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பாவில் துணி வாங்குவோர் அதைப் படித்தார்கள், கம்பெனிகள் பதில் சொல்ல வேண்டி வந்தது. நல்லதுதான். ஆனால் நம் பெண்களின் துயரம் ஆங்கிலத்தில் அச்சாகிக் கடல் தாண்டிப் போனதே, தமிழில் எத்தனை தெருக்களுக்கு வந்தது?

2021-ல் திண்டுக்கல் வட்டாரத்தில் ஆடை ஆலையில் வேலை செய்த இளம் பெண் தொழிலாளி ஒருவர் கொலை செய்யப்பட்டார். அதன் பிறகு பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் ஒன்று விடாப்பிடியாகப் போராடியது. 2022 ஏப்ரலில் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தோடு கையெழுத்தான உடன்பாட்டுக்கு உலகமே "திண்டுக்கல் ஒப்பந்தம்" என்று பெயர் சொல்கிறது. பாலியல் தொல்லையையும் சாதிக் கொடுமையையும் வேலைத் தளத்தில் கண்காணித்துச் சொல்லும் பொறுப்பு அதில் தொழிலாளிப் பெண்களிடமே கொடுக்கப்பட்டது. தறியும் தையலும் தெரிந்த கை, குறிப்பெழுதவும் தொடங்கியது!

இதற்கு வழிகாட்டியவர் மார்க்ஸ். 1880-ல் பிரெஞ்சுத் தொழிலாளருக்கென்று ஏறத்தாழ நூறு கேள்விகளை அவர் தயாரித்தார். வேலை நேரம், இயந்திரத்துக்குத் தடுப்பு உண்டா, காற்று வருமா, கூலி நாள் கடத்தப்படுகிறதா என்று ஒன்றையும் விடவில்லை. பதிலைத் தொழிலாளியே தர வேண்டும், தன் துன்பத்தை முழுதும் அறிந்தவன் அவனே என்றார். பதில்கள் மிகச் சிலவே வந்தன. அன்று எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி எத்தனை பேர்? இன்று நமக்கு அந்தக் குறை இல்லை. ஏன் தெரியுமா? நோட்டோடு வரும் மாணவி பல சமயம் நம் வீட்டுப் பெண்தான்! மில்லில் சைடு பார்க்கும் தாயின் மகள், நிலக்கோட்டையில் பூப் பறிப்பவரின் மகள். 1916-ம் ஆண்டின் திண்ணையும் வாசலும் இன்று மெல்லக் கலைந்து வருகின்றன. இந்த வாய்ப்பைக் கைநழுவ விடலாமா?

நாம் செய்ய வேண்டியது

முதலாவது: உண்மையைச் சொல்லுங்கள். கூட்டியும் குறைத்தும் சொன்னால் நாளை கூலிப் பேச்சு வார்த்தையில் அந்தப் பொய்க் கணக்கே நமக்கு எதிராக நிற்கும். ஆனால் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்ல மறுக்கவும் உரிமை உண்டு.

இரண்டாவது: அவர்கள் கேட்காததை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். பஞ்சுத் தூசியால் வரும் இருமல், இரவு ஷிப்டில் கழிப்பறைக்குப் போக விடாத கெடுபிடி, விடுதியில் அடைபட்டிருக்கும் வடநாட்டுத் தொழிலாளியின் கூலி, ஒரே களத்தில் ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலி, திருவிழாவில் யாரிடம் வரி வாங்குகிறார்கள், யார் தெருவுக்குத் தேர் வருவதில்லை என்பதெல்லாம் கேள்விப் பட்டியலில் ஏற வேண்டும்.

மூன்றாவது: எழுதியதைத் திருப்பிக் கேளுங்கள். "மதிப்பெண் உனக்கு, கணக்கு எங்களுக்கு" என்று உரிமையோடு சொல்லுங்கள். பத்துப் பக்கம் போதும். தமிழில் எழுதி, இதே தெருவில் உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும். தவறு இருந்தால் திருத்துவோம். சரியாக இருந்தால் சங்க அலுவலகத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். அடுத்த ஆண்டு வருகிற பிள்ளை அங்கிருந்து தொடங்கட்டும்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய கட்டுரையைப் பார்த்து எழுதிக் கணினிக் கடையில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் பட்டம் கிடைக்கும், ஊர் கிடைக்காது. உங்களைவிடச் சிறு வசதியோடு, மாட்டு வண்டிக் காலத்தில் எழுதியவர்களின் பக்கங்கள் நூறாண்டு கடந்தும் பேசுகின்றன. நீங்கள் அவர்களைவிட ஒருபடி மேலே போகலாம். அவர்கள் மக்களைப் பற்றி எழுதினார்கள். நீங்கள் மக்களோடு சேர்ந்து எழுதுங்கள்.

தோழர்களே! நம் பாட்டன் கடனை மிராசுதார் எழுதினார். நம் தகப்பன் வருகையை மேஸ்திரி எழுதினார். எழுதியவன் கை ஓங்கிற்று. இனி நம் கணக்கை நம் பிள்ளைகள் எழுதட்டும். நாம் சரிபார்ப்போம், சங்கம் அதை எடுத்துக்கொண்டு நடக்கட்டும்!