ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர்



நங்கநல்லூரில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் நம்மிடம் வந்தார். கல்லூரியில் படிக்கும் மகன்கள் இருவர். மூத்தவன் நண்பர்களோடு சேர்ந்தால் குடிக்கிறான். இளையவன் இரவில் மொட்டை மாடியில் தனியாகக் கஞ்சா புகைக்கிறான். “ஒரே வயிறு, ஒரே செபமாலை. எங்கே தவறினேன் ஃபாதர்?” என்று அழுதார். இருவரையும் அழைத்து ஒரே அறிவுரையைச் சொன்னோம். மூத்தவன் சிரித்தான். இளையவன் அதன்பின் கோவிலுக்கே வரவில்லை.

அந்தத் தவறுதான் நம்மைத் தேடிப் படிக்க வைத்தது. கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக உளவியல் அறிஞர் பட்ரிசியா கான்ராட், போதைக்கு இழுக்கும் சுபாவங்கள் நான்கைச் சுட்டுகிறார்: புதுக் கிளர்ச்சியைத் தேடுவது, யோசிக்காமல் பாய்வது, நம்பிக்கையிழந்து வாடுவது, பதற்றத்தின் அறிகுறிகளுக்கே அஞ்சுவது. முதல் வகையினர் கொண்டாட்டத்துக்காகக் குடிப்பார்கள். நம்பிக்கையிழந்தவர்களோ வலியை மறக்கக் குடிப்பார்கள், புகைப்பார்கள். நெஞ்சு படபடத்தாலே பயப்படுகிறவர்கள் பலர் கஞ்சாவிலிருந்து ஒதுங்கக்கூடும், அது இதயத் துடிப்பைக் கூட்டுமே! ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவில் மது அவர்களுக்கு மருந்துபோலத் தெரியும். ‘சாதுவான பிள்ளை’ என்று நாம் கவனிக்காமல் விடுவது இவர்களைத்தான்.

சுபாவம் விதியல்ல, பாவத்துக்குச் சாக்கும் அல்ல. பேதுருவைப் பாருங்கள். படகிலிருந்து கடலில் இறங்கியவர், கெத்சமனியில் வாளை உருவியவர், அவசரக்காரர். ஆண்டவர் வாளை உறையில் போடச் சொன்னார். அந்த வேகத்துக்கோ ஆடுகளை மேய்க்கும் வேலையைக் கொடுத்தார். எலியா வேறு மாதிரி. சூரைச்செடியின் அடியில் சாக விரும்பிப் படுத்தவரிடம் வானதூதர் மறையுரை ஆற்றவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அவர் மீண்டும் உறங்கியபோதும் கண்டிக்கவில்லை.

கான்ராட் மாணவர்களுக்காக உருவாக்கிய பயிற்சியும் சுபாவத்துக்கு ஏற்பத் தனித்தனிக் குழுவாக அமர்த்தித்தான் பேசுகிறது. பழக்கம் முற்றிவிட்டால் சிகிச்சை வேண்டும். நமக்குப் பக்கத்தில் அடையாறு இந்திரா நகரிலேயே, சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. அங்கே போவதில் என்ன வெட்கம்?

சில வாரங்கள் கழித்து இளையவனைப் பார்க்க வீட்டுக்கே போனோம். கஞ்சாவைப் பற்றிப் பேசவில்லை. எப்போதிலிருந்து தூக்கம் வரவில்லை என்று மட்டும் கேட்டோம். முதல் செமஸ்டரில் மூன்று அரியர் விழுந்ததிலிருந்து என்றான். அது அவன் அம்மாவுக்கும் அன்றுதான் தெரிந்தது.