மலையிலே குருவி, துறைமுகத்திலே அதன் பெயர்

(திருகோணமலைக்குச் சுற்றுலா வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் முன் நிகழ்த்திய உரை)



மலையிலிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸிலே வந்து, கோணேசரைக் கும்பிட்டு, கோட்டைக்குள்ளே மான்களையும் பார்த்துவிட்டு, இப்போது துறைமுகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறீர்கள். களைப்பாக இருக்கும். நீண்ட நேரம் பேசி உங்களை வதைக்க மாட்டேன். கடலைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. உங்கள் லயத்துக்குப் பக்கத்திலே தினமும் பறக்கிற ஒரு சின்னக் குருவியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அந்தக் குருவியின் பெயருக்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். லயத்துக் காம்பராவிலே பிறந்து வளர்ந்தவன். தேயிலை மலையிலே பீலிக்கரைப் புல்லிலும் ரோட்டோரப் புல்லிலும் ஐந்து, பத்தாகச் சேர்ந்து குருவிகள் இறங்கும். புல்லுக் கதிர் வளைய வளையத் தொங்கிக்கொண்டு விதை கொத்தும். ஆள் கிட்டப் போனால் எல்லாம் ஒன்றாக எழும்பிப் பறக்கும். உங்கள் பெருவிரல் நீளத்துக்கு இரண்டு மடங்குதான் இருக்கும். முகமும் தொண்டையும் கறுப்பு. முதுகு கடும் மண்ணிறம். கழுத்தின் பக்கங்களிலே இளஞ்சிவப்புக் கலந்த மண்ணிறம். வயிற்றிலே கறுப்பும் வெள்ளையும் பொடிப்பொடியாகக் கலந்திருக்கும். சொண்டு தடிப்பு, விதையை உடைப்பதற்கென்றே அமைந்தது. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான்.

இங்கே திருகோணமலைப் பக்கத்து வயலிலும் பற்றைக்காட்டிலும் இதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஒன்றுக்கு முதுகின் அடியிலே வெள்ளை. இன்னொன்றுக்கு நெஞ்சிலே செதில் செதிலாகக் கோலம். ஆனால் நான் சொல்கிற கறுப்புத் தொண்டைக்காரன் மலைநாட்டிலும் அதை ஒட்டிய ஈரமான அடிவாரங்களிலும்தான் இருக்கிறான். அதைவிட்டால் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. உலகத்திலே வேறெங்கும் இல்லை. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் நம் சொந்தங்கள் எத்தனையோ பேர் கப்பலேறி நீலகிரிக்குப் போனார்கள். அங்கேயும் இதே இனம்தான், வயிற்று நிறம் மட்டும் கொஞ்சம் வேறு. குருவியிடம் யாரும் பிரஜாவுரிமை கேட்கவில்லை!

சரி, பெயருக்கு வருவோம். விஞ்ஞானிகள் இதை 'லொஞ்சுரா கெலார்ட்டி' என்கிறார்கள். கெலார்ட் என்பது ஒரு மனிதருடைய பெயர். எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட், 1819-இல் இலங்கையிலேயே பிறந்தவர். படையிலே வைத்தியராக இருந்தவர். நுவரெலியா மலையிலே வேலை பார்த்த காலத்தில், அங்குள்ள மிருகங்களையும் பறவைகளையும் தேடித் தேடிப் பார்த்தார். 1852-இல் இலங்கையின் உயிரினங்களைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அப்போது மலையிலே தேயிலை இல்லை, கோப்பிதான். நம்முடைய பாட்டன், பூட்டன் மன்னார்ப் பாதையிலே நடந்து வந்த காலம் அது.

பிறகு அரசாங்கம் முத்துச்சிப்பியை ஆராய்கிற வேலையை அவரிடம் கொடுத்தது. அதற்காக அவர் இந்தத் திருகோணமலையிலே இருந்தார். சிப்பி தான் ஒட்டியிருக்கிற நாரைத் தானே அறுத்துக்கொண்டு நகர்ந்து, வேறு இடத்திலே மறுபடி ஒட்டும் என்பதைப் பார்த்து எழுதினார். 1860-இல் இங்கிலாந்துக்குக் கப்பலிலே போகும் வழியிலே இறந்துபோனார். மூன்று வருஷம் கழித்து, 1863-இல், ஜெர்டன் என்ற இன்னொரு வைத்தியர் இந்தியப் பறவைகளைப் பற்றிய தன் நூலிலே இந்தக் குருவிக்கு அவர் பெயரை வைத்தார். அந்த மரியாதையை அவர் கண்ணாலே காணவில்லை.

அவர் செய்தது என்ன? நின்று கவனமாகப் பார்த்தார், பார்த்ததை எழுதினார். உங்களிலே கொழுந்து எடுக்கிற ஒரு பெண், அவரைவிட அதிக நாள் இந்தக் குருவியைப் பார்த்திருப்பாள். எழுதவில்லை, அவ்வளவுதான்.

இதன் குடும்ப வாழ்க்கையைக் கேளுங்கள். புல்லாலே பந்து மாதிரி பெரிய கூடு, பக்கத்திலே வாசல். பற்றையிலும் மரத்திலும் வீட்டோரக் கொடியிலும் கட்டும். முட்டை வெள்ளை. தாயும் தகப்பனும் முறை வைத்து அடைகாக்கும். விதையைத் தொண்டைப் பையிலே சேர்த்துக் கொண்டுவந்து குஞ்சுக்குக் கக்கிக் கொடுக்கும். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்கும் வரை ஏறக்குறைய ஐந்து கிழமை. குஞ்சு பறந்த பிறகும் இரவிலே குடும்பமாக ஒரே கூட்டிலே ஒடுங்கித் தூங்கும். ஒரே காம்பராவிலே எட்டுப் பேர் படுத்த நமக்கு இது புதுமை இல்லை.

இதெல்லாம் நடப்பது புல்லு விதையாலே. இங்கேதான் ஒரு கதை சொல்ல வேண்டும். என் அம்மா சுரண்டி எடுத்துப் புல்லு வெட்டிய காலம். ஒரு நாள் வாங்கி ஓரத்துப் பற்றையிலே கூடு, உள்ளே குஞ்சு. அம்மா அந்த மூலையிலே நாலு முழப் புல்லை விட்டுவிட்டு நகர்ந்தார். மேற்பார்வைக்கு வந்தவர் பார்த்தார். "வேலை முடியல்லே" என்று அன்றைக்கு அரைப்பேர்தான் போட்டார். இராத்திரி அப்பா கேட்டதற்கு அம்மா சொன்னது: "அதுவும் புள்ளக்குட்டிக்காரிதானேங்க." அதற்குமேலே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிழமை கடையிலே மா குறைவாகத்தான் வாங்கினோம்.

அந்த அரைப்பேரை நான் இன்னும் மறக்கவில்லை. குருவியைக் காப்பாற்றுங்கள் என்று உங்களிடம் சொல்வது சுலபம். அதற்கு உங்கள் சம்பளத்திலே கை வைத்தால் அது நியாயமில்லை.

இப்போது சுரண்டியை விட மருந்துதான் அதிகம். 2015-இல் கிளைபொசேட் மருந்தைத் தடை செய்தார்கள். 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடி அனுமதித்தார்கள். மருந்தடித்தால் புல்லு கதிர் விடுவதற்கு முன்னேயே காய்ந்துபோகும். குருவிக்கு விதை கிடைக்காது. தாங்கியை முதுகிலே சுமந்து அடிக்கிறவர் சுவாசிப்பதும் அந்தக் காற்றைத்தான். ஆகவே குருவியின் பேச்சும் நம்முடைய பேச்சும் வேறு வேறல்ல. புல்லே வெட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. புல்லு மண்டினால் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் நமக்குத்தான் நட்டம்.

நான் கேட்பது மூன்று. கான் ஓரம், பீலிக்கரை, ரோட்டோரம் ஆகிய இடங்களிலே ஒரு கீற்றுப் புல்லைக் கதிர் விட விடலாம் என்று தோட்டக் கமிட்டி நிர்வாகத்திடம் பேச வேண்டும். கவ்வாத்திலோ புல்லு வெட்டிலோ கூடு கண்டால் ஐந்து கிழமை அந்தப் பற்றையைத் தள்ளி வைக்கலாம் என்றும், அதற்காக ஒருவர் பேரும் குறையக்கூடாது என்றும் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது பிள்ளைகளுக்கு: பிசின் வைத்துப் பிடிக்காதீர்கள், கூண்டிலே போடாதீர்கள். ஒரு கொப்பியிலே எந்த நாள், எந்த மலை, எத்தனை குருவி என்று எழுதுங்கள். கெலார்ட் தொடங்கியதும் அப்படித்தான்.

திரும்பிப் போகிற வழியிலே பஸ் மலையேறி, குளிர் காற்று முகத்திலே படும்போது ரோட்டோரப் புல்லைப் பாருங்கள். கறுப்புத் தொண்டைக்காரன் தொங்கிக்கொண்டிருந்தால், பக்கத்திலே இருக்கிற பிள்ளைக்குக் காட்டிப் பெயரையும் சொல்லுங்கள்.