சட்டம் அறிந்து கடை வைப்போம்



நம் கையால் சமைத்ததை உண்ண ஊரார் மறுத்த காலம் உண்டு. இன்று நம் பிள்ளைகள் தள்ளுவண்டியிலும் வேனிலும் உணவுக்கடை நடத்துகின்றனர். ஆயினும், "வண்டியை எடு" என்று அதிகாரி அதட்டியதும் நாம் வாய் திறவாது விலகுகின்றோம். சட்டம் அறியாமையே இதற்குக் காரணம்.

தெருவோர வியாபாரிகளுக்கென 2014-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியுள்ளது. அதன்படி விற்பனைச் சான்றிதழ் பெறுவது நமது முதற் கடமை. உணவுப் பாதுகாப்புத் துறையின் விதிகளையும் பின்பற்ற வேண்டும். வேனைக் கடையாக மாற்றுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலையும் பெறுதல் வேண்டும்.

கடமையுடன் உரிமையும் உண்டு. சான்றிதழ் பெற்றவரை அகற்ற 30 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். பொருளைக் கைப்பற்றினால் பட்டியல் தரவேண்டும். உரிய கட்டணத்தைச் செலுத்திக் கேட்டால், அழுகும் பொருளை அன்றே திருப்பித் தரவேண்டும். ஏனையவற்றை 2 வேலை நாட்களுக்குள் தரவேண்டும்.

நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அமர்வர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் உரிய இடம் தரவேண்டுமெனச் சட்டமே கூறுகிறது. அவ்விருக்கையில் நாம் அமராவிடில், நம் வண்டி நிற்குமிடத்தைப் பிறரே வகுப்பர்.

எனவே இளைஞர்களே, சான்றிதழ் இல்லாத நம்மவர் ஒவ்வொருவருக்கும் மனு எழுதித் தாருங்கள். கற்ற கல்விக்கு அதுவே பயன்.