விண்கலத்தில் மறுபிறவி



விஞ்ஞானக் கற்பனைப் படம் என்றதும் யந்திரங்களையும் வேற்றுலகப் போர்களையுமே நாம் எண்ணுகிறோம். ஆயின், பெரு முதலாளிகளை நாடாது எடுக்கப்பெற்ற சில படங்கள் சமயத்தின் அடிப்படை வினாக்களையே எழுப்புகின்றன.

நாம் வாழும் இப்பெங்களூரிலே பவன் குமார் என்பார் பொதுமக்களிடம் பொருள் திரட்டி, 2013இல் 'லூசியா' என்னும் கன்னடப் படத்தை வெளியிட்டார். 2015இல் அது 'எனக்குள் ஒருவன்' எனத் தமிழிலும் வந்தது. உறக்கத்துக்கென உண்ணும் மாத்திரையொன்று கனவிலே மற்றொரு வாழ்வை அளிக்கிறது. எது நனவு, எது கனவு? இம்மயக்கத்தையே வேதாந்திகள் மாயை என்பர்.

2019இல் மும்பைத் திரைப்பட விழாவில் காட்டப்பெற்ற, ஆரதி கடவ் இயக்கிய இந்திப் படம் 'கார்கோ'. சரக்கு என்பது அதன் பொருள். இராவணனுடைய சேனாபதியின் பெயர் தாங்கிய பிரஹஸ்தன் என்னும் அரக்கன், புஷ்பக் என்னும் விண்கலத்தில் இறந்தோரை வரவேற்று, உடைமைகளை வாங்கி வைத்து, நினைவுகளை அழித்து, மறுபிறவிக்கு அனுப்புகிறான். அவ்விறந்தோரே அக்கலத்தின் சரக்கு.

நினைவு அழிந்தால் வினையும் அழியுமோ? அழியாது என்பதே நம் சான்றோர் கொள்கை. ஊரையும் உறவையும் விட்டு இங்கு வந்த நாம், உடைமைகளை இழப்பது இன்னதென அறிவோம். வாழ வந்த இடத்தில் அயலார்க்கு நாம் செய்யும் நன்மை தீமைகளோ எந்த யந்திரத்தாலும் பறிக்கவொண்ணாத சரக்காம். அதனை நல்ல சரக்காக்குவோமாக!