கடல் கடந்து குடியேறும் நம் பிள்ளைகள்
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் கொடியேற்றமும் சப்பரமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பழைய ஏற்பாட்டில் ஜூபிலி என்பது, ஐம்பதாம் ஆண்டிலே ஒவ்வொருவரும் தம் காணிக்கும் தம் குடும்பத்துக்கும் திரும்பி வரும் ஆண்டாகும். நம் மாப்பிள்ளையூரணியிலோ பிள்ளைகள் பலர் புறப்பட்டுப் போவதைப் பற்றியே பேசுகிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், "அண்ணாச்சி, கனடாவுக்கு எழுதிப் போடலாமா? என்னென்ன காகிதம் வேணும்?" என்ற கேள்விதான் எங்களை எதிர்கொள்கிறது. விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் சிறு பணியை நாங்கள் சிலர் செய்து வருவதால், அதைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறார்கள்.

கடல் கடப்பது நமக்குப் புதிதல்ல. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை, கொழும்புக்குச் செல்வோர் இரயிலில் வந்து கப்பலேறிய துறை நம் தூத்துக்குடியே. வ.உ.சி. அவர்கள் 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஓடியதும் இந்தக் கொழும்புத் தடத்தில்தான். நம் கரையிலிருந்து தோணியிலே போய் அங்கே கடை வைத்தவர்களும், தலைமுறையாய்த் தங்கிவிட்டவர்களும் உண்டு. 2012-ஆம் ஆண்டின் இலங்கைக் குடிக்கணக்கிலும் பரதர் என்பது தனிப் பிரிவாக இருக்கிறது.

அந்த இலங்கையே நமக்கு ஒரு பாடத்தையும் விட்டுச் சென்றது. 1948-ல் அந்நாடு விடுதலை பெற்றதும் குடியுரிமைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு, இந்தியரும் பாகிஸ்தானியரும் குடியுரிமை கோரி விண்ணப்பிக்கத் தனிச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து அங்கே வாழ்ந்ததாகக் காட்டவேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். ஏறத்தாழ 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். அரசாங்கத்தின் எண்ணம் ஒருபுறமிருக்க, உழைத்து உழைத்துத் தேய்ந்த அந்த ஏழைகளிடம் உழைப்பு இருந்தது, அதைக் காட்டும் காகிதம் இல்லை. பின்னர் 1964-ல் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் ஏற்பட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று. பிறந்த ஊரை விட்டு, பாட்டன் ஊருக்குப் புதியவர்களாக வந்து இறங்கியோர் எத்தனை பேர்!

இன்றைய நிலைமை வேறு. கனடா நாடு 1967-ல் புள்ளிமுறையைக் கொண்டுவந்தது. எந்த நாட்டார், எந்த நிறத்தார் என்று பாராமல், படிப்பு, வயது, மொழி, தொழில்திறன் ஆகியவற்றுக்குப் புள்ளி போடும் முறை அது. 2015 ஜனவரி முதல் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' என்ற ஏற்பாடு நடக்கிறது. தொழில்திறன் பெற்றவராக வெளியிலிருந்து விண்ணப்பிப்பவர், தகுதிக்கான 100 புள்ளிகளில் 67 பெறவேண்டும். அதன்பின் 1200 புள்ளிகள் கொண்ட வேறொரு தரவரிசையில் நிற்கவேண்டும். வயதுக்கான முழுப் புள்ளி 20 முதல் 29 வரை உள்ளவர்களுக்கே. அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் எல்லாக் காகிதங்களும் சேரவேண்டும். நம்மவர் தடுமாறுவது இந்த 60 நாளில்தான்.

பெயரையே எடுத்துக்கொள்வோம். ஞானஸ்நானப் பதிவேட்டில் சவேரியார், பள்ளிக்கூடத்தில் சேவியர், ரேஷன் கார்டில் சவரியார். மூவரும் ஒரே புனிதர் என்பது நமக்குத் தெரியும், கடல் கடந்த அலுவலருக்குத் தெரியுமா? நமக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. அங்கே குடும்பப் பெயர் கேட்பார்கள். புருஷனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என மூவருக்கும் மூன்று குடும்பப் பெயராகிவிடும். பர்னாந்து, மச்சாது என்று பட்டப்பெயர் உள்ள வீடுகளிலும் ஒருவர் எழுதுவது போல் மற்றவர் எழுதுவதில்லை.

நம் பங்கிலேயே ஒரு தாதிப் பெண்ணுக்கு இப்படி நேர்ந்தது. மார்க்குப் பட்டியலில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஓரெழுத்து வேறு, திருமணச் சான்றிலோ வீட்டில் கூப்பிடும் பெயர். அழைப்பு கையில் இருந்தும் 60 நாள் கடந்தது. மறு அழைப்பு வருவதற்குள் அவளுக்கு வயது ஏறி, புள்ளி குறைந்துவிட்டது. அந்தத் தாய் மாதா பீடத்தின் முன் உட்கார்ந்து அழுததை நாங்கள் கண்டோம். திருமணச் சான்றில் அந்த வீட்டுப் பெயரை எழுதிக் கொடுத்தது யார்? நாங்கள்தான். அவசரத்தில், கேட்டதைக் கேட்டபடி எழுதினோம். அதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்வது எங்கள் கடமை.

ஆகவே பெற்றோரே, பிள்ளை பிறந்த 21 நாளுக்குள் அரசுப் பதிவேட்டில் பதியுங்கள். 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க அரசின் பிறப்புச் சான்று வேண்டும், ஞானஸ்நானச் சான்று போதாது. ஞானஸ்நானம் ஆத்துமத்துக்கு, பிறப்புச் சான்று பாஸ்போர்ட்டுக்கு. பெயர் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். கோயிலில் திருமணம் முடிந்ததும், 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிந்துகொள்ளுங்கள்.

வேலைச் சான்றும் அப்படியே. நம்மிலே கப்பலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், துறைமுகத்தில் பணி செய்தவர்கள் இருக்கிறார்கள். "நல்லவர், வல்லவர்" என்று முதலாளி எழுதிக் கொடுத்த நன்னடத்தைக் கடிதம் அங்கே செல்லாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன பதவி, என்னென்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று எழுதியிருக்கவேண்டும். வேலையை விட்டு வரும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பத்து வருடம் கழித்து அந்தக் கம்பெனியைத் தேடிப் போனால் பூட்டிய கதவுதான் இருக்கும்.

ஏஜென்டுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். "புள்ளி குறைந்தாலும் பார்த்துக்கொள்ளலாம், பணத்தைக் கட்டு" என்பவனை நம்பாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தை நடத்த அந்நாட்டின் வழக்கறிஞர், உரிமம் பெற்ற ஆலோசகர் போன்றோருக்கே அதிகாரமுண்டு. விதிகளும் அடிக்கடி மாறும். 2025 மார்ச் வரை வேலை உத்தரவுக் கடிதத்துக்குத் தரவரிசையில் புள்ளி இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். பழைய செய்தியைக் கேட்டு, அந்தக் கடிதத்தை விலைக்கு வாங்க நகையை அடகு வைக்காதீர்கள். பொய்ச் சான்று வைத்தால் 5 ஆண்டு விண்ணப்பிக்கவே முடியாது. பொய் சொல்லிப் போகிறவன் அங்கே நிம்மதியாய் உறங்கவும் முடியாது.

சரி, நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. அத்துடன் குடியேறியாயிற்றா? இல்லை. அந்த உரிமை நிலைக்க, 5 ஆண்டில் 730 நாளாவது அங்கே இருக்கவேண்டும். 5 ஆண்டில் 1095 நாள் இருந்தால் குடியுரிமைக்கு எழுதலாம். குடியுரிமை பெற்றால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும், ஏனெனில் நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இதையெல்லாம் புறப்படுமுன் பெற்றோருடன் உட்கார்ந்து பேசுங்கள். அம்மா படுக்கையில் விழுந்தபின் தொலைபேசியில் பேசும் பேச்சல்ல இது.

அங்கே போனதும் இங்கே பெற்ற பட்டம் உடனே சோறு போடும் என்றும் எண்ணவேண்டாம். செவிலியர், பொறியாளர் போன்றோர் அந்தந்த மாகாண அமைப்பில் பதிவு பெற்ற பின்பே அத்தொழிலைச் செய்யலாம். அதுவரை கடையிலோ கிட்டங்கியிலோ வேலை பார்க்க நேரலாம். அதில் கேவலம் ஒன்றுமில்லை. நாசரேத்தூர்த் தச்சரும் எகிப்திலே அந்நியராகத்தான் வாழ்ந்தார். 1952-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் குடிபெயர்ந்தோருக்காக வெளியிட்ட ஆவணத்தில், நாடு விட்டுச் சென்ற எல்லாக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாகத் திருக்குடும்பத்தையே காட்டினார். பனிக்காலத்து இருட்டும் தனிமையும் நம் உப்பளத்து வெயிலில் வளர்ந்தவனை வாட்டும். போய் இறங்கிய முதல் ஞாயிறே அருகிலுள்ள கோயிலைத் தேடிப் போங்கள். டொரன்டோ நகரில் ஆரோக்கிய மாதா பெயரால் தமிழ்ப் பங்கே இருக்கிறது. நம் பாட்டைக் கேட்டால் பாதிக் குளிர் போய்விடும்.

இறுதியாக நம் கடமைக்கு வருகிறோம். 1923-ல் நம் தூத்துக்குடி மறைமாவட்டம் உண்டானதற்கு முன்பும் பின்பும், ஒவ்வொரு பெயரையும் கையால் எழுதி வைத்தவர்கள் நம் குருக்களும் உபதேசியார்களும். அந்த ஏடுகள் நம் பிள்ளைகளின் வேர். ஆகவே இந்த ஜூபிலி ஆண்டின் நினைவாக மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, ஞானஸ்நானத்துக்கு வரும் ஒவ்வொரு வீட்டாரும் அரசுப் பிறப்புச் சான்றைக் காட்டி, அதே எழுத்தில் பெயரைப் பதியட்டும். இரண்டு, பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீடுகளில் தனித்திருக்கும் முதியோரை அன்பியத்தார் முறை வைத்துச் சந்திக்கட்டும். மூன்று, வடநாட்டிலிருந்து பிழைப்புக்காக நம் பக்கம் வந்திருக்கும் தொழிலாளர்களையும், இலங்கையிலிருந்து வந்து முகாம்களில் வாழும் நம் சகோதரர்களையும் அந்நியராகப் பாராதிருப்போம். நம் பிள்ளைக்கு அங்கே எவர் கதவைத் திறக்கவேண்டுமென்று செபிக்கிறோமோ, அவராக நாம் இங்கே இருப்போம்.

போகிறவர்கள் உண்மையான காகிதத்தோடு போகட்டும். இருக்கிறவர்கள் திறந்த கதவோடு இருக்கட்டும். பனிமய மாதா இரு கரையிலும் நம் பிள்ளைகளைக் காப்பாராக.