கைப்பிடிக்குள் ஒரு பாலைவன டாங்கி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள், ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியாகச் சிறுதேர்ப் பருவத்தை அமைத்தனர். வீதியில் பெருந்தேரைக் கண்ட குழந்தை, அதனைச் சிறிதாக்கித் தன் கையால் உருட்டி மகிழும் பருவம் அது. பெரியதைச் சிறியதாக்கிக் காணும் ஆசை மனித குலத்தின் மிகப் பழைய ஆசை. அவ்வாசை இன்று கொண்டுள்ள வடிவங்களுள் ஒன்றைப் பற்றிப் பேசவே நாம் முன்வந்துள்ளோம். பாலைவனப் போரில் ஓடிய டாங்கி ஒன்றை, அளவு பிசகாமல் சிற்றுருவாகச் செய்து வண்ணம் தீட்டும் கைத்தொழிலே அது.

"போர்க் கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது தகுமா?" என்று தாய்மார்கள் வினவலாம். நியாயமான வினா. அதற்கு விடை கூறாமல் இம்மேடையை விட்டு இறங்க மாட்டோம்.

எத்தனையோ டாங்கிகள் இருக்க, நாம் எடுத்துக்கொள்வது "மட்டில்டா" என்னும் பிரிட்டிஷ் டாங்கியை. காரணம் உண்டு. 1940 டிசம்பர் 9 அன்று, எகிப்து நாட்டின் மேற்குப் பாலையில், நிபேவா என்னுமிடத்து இத்தாலியப் பாசறையைத் தாக்கியது 4ஆவது இந்தியப் படைப்பிரிவு. அதற்குத் துணையாகச் சென்றவை மட்டில்டா டாங்கிகள். எடை ஏறத்தாழ 27 டன். முன்புறக் கவசத்தின் மிகுந்த தடிப்பு 78 மில்லிமீட்டர். உள்ளே நால்வர். நல்ல சாலையிலும் மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டரே ஓடும்; மிதிவண்டிக்காரன் முந்திவிடுவான்! எனினும் இத்தாலியரின் பீரங்கிகளால் அதன் கவசத்தைத் துளைக்க இயலவில்லை. பாசறையைச் சுற்றிக் கண்ணிவெடிகள் இருந்தமையால், உணவு லாரிகள் வந்து போகும் பின்புற வாயில் வழியாகவே டாங்கிகள் நுழைந்தன. மறுநாள் சிடி பரானி வீழ்ந்தது.

இனித் தொழிலுக்கு வருவோம். முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்பது டாங்கி உருவங்களுக்கு உலகெங்கும் வழங்கும் அளவு. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட டாங்கி உருவத்தினுள் மின்கலங்கள் அடங்க வேண்டுமென்று கொண்ட அளவே பின்னர் மரபாயிற்று. இக்கணக்கில் 5.6 மீட்டர் நீளமுள்ள மட்டில்டா 16 சென்டிமீட்டராகும். ஐந்தரை அடி மனிதன் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்பான். நாம் ஒரு மில்லிமீட்டர் தவறினால், மெய்யான டாங்கியில் மூன்றரை சென்டிமீட்டர் தவறியதாகும். சுரங்கப் பட்டறைகளில் லேத் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை.

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் உறுப்புகளை வாங்க வசதியில்லையேல், தடித்த அட்டையே போதும். வெட்டுக, அரத்தால் தேய்க்க, பசையின்றிப் பொருத்திப் பார்க்க, பொருந்திய பின்னரே ஒட்டுக. சங்கிலிச் சக்கரம் எவ்வாறு உருளும் என்று அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டா. 1964இல் தோன்றிய பெமல் நிறுவனத்தின் புல்டோசர்களைக் காணாத பிள்ளை நம் தங்கவயலில் உண்டோ? மட்டில்டாவின் சக்கரங்களைப் பக்கக் கவசம் மூடியிருக்கும். சிக்கும் மண் வெளியே சரிந்து விழ அதில் திறப்புகள் உண்டு. அவற்றை மறவாமல் அமைக்க வேண்டும்.

வண்ணம் தீட்டுவதே சுவை மிகுந்த பகுதி. 1940, 1941ஆம் ஆண்டுகளில் இந்த டாங்கிகளுக்கு, காண்டர் என்னும் படைத் தலைவரின் பெயரால் வழங்கிய முறையில் மூன்று வண்ணங்கள் பூசினர். வெளிறிய மணல் நிறம், பசுமை கலந்த வெள்ளிச் சாம்பல், கருஞ்சாம்பல் ஆகியவை சாய்ந்த நேர்க்கோடுகளாய் வெட்டிச் செல்லும். வடிவத்தைக் கலைத்துப் பகைவன் கண்ணை மயக்குவதே நோக்கம். லண்டன் அருங்காட்சியகம் ஒன்றிலுள்ள மட்டில்டாவுக்குப் பிற்காலத்தில் நீலம் பூசிவிட்டனர். அதைக் கண்டு உலகெங்கும் பலர் நெடுங்காலம் நீலமே தீட்டினர்! பழைய பதிவுகளையும் வண்ண அட்டைகளையும் ஆராய்ந்த பின்னரே அது சாம்பல் என்று தெளிந்தனர். எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் ஆராய வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல பாடம் ஏது?

முதலில் மணல் நிறத்தை மெல்லிய பூச்சாக இருமுறை தீட்டுக. காய்ந்தபின் ஒட்டுநாடாவால் மறைத்து அடுத்த வண்ணம். நீர்த்த பழுப்பு நிறத்தை இடுக்குகளில் ஓடவிட்டால் ஆழம் தோன்றும். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளைத் தடவினால் தேய்மானம் தோன்றும். துருவை அளவோடு காட்டுக. வறண்ட பாலையில் மணல் உரசிய சங்கிலி பளபளக்கும்.

இறுதியில் புழுதி. இங்கே ஓர் எச்சரிக்கை. நம் ஊரின் சயனைடு மேடுகள் பாலை மணல் போலவே தோன்றும். அள்ளித் தூவ ஆசை வரும். ஒருபோதும் கூடாது! அது நஞ்சு கலந்த நுண்துகள். பாறைத் துகள் நம் தந்தையர் நெஞ்சில் புகுந்து செய்த கேடு போதும். சுண்ணக்கட்டியைப் பொடித்துத் தூவினால் அதே நிறம் கிட்டும்.

டாங்கி முடிந்தது. ஆயினும் உருவம் முடியவில்லை என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. அதன் முன்னே ஒரு மனிதனை வைக்க வேண்டும்.

1941 ஜனவரி 3 அன்று லிபியாவின் பார்டியாக் கோட்டையில் மட்டில்டாக்கள் நுழையுமுன், ஆஸ்திரேலிய வீரர்கள் முள்கம்பி வேலியின் அடியில் வெடிமருந்து நிரப்பிய குழாய்களைச் செருகி வெடித்து வழி திறந்தனர். அக்குழாயின் பெயர் "பெங்களூர் டார்பிடோ". 1912இல் பெங்களூரில், மதராஸ் சாப்பர்ஸ் படையின் அதிகாரி மெக்ளின்டாக் உருவாக்கியது அது. அப்படையில் தமிழர் பலர்; படைவீரரை இன்றும் "தம்பி" என்றே அழைக்கின்றனர். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழொட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் அப்படையைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், உடனிருந்தோரைக் காக்கக் கண்ணிவெடியின் மீதே விழுந்து உயிர் நீத்தார். ஜார்ஜ் கிராஸ் என்னும் உயர் விருது அவருக்கு இறப்பின் பின் அளிக்கப்பட்டது.

ஆகவே, டாங்கியின் முன்னே மண்டியிட்ட ஒரு சிறு மனிதனைச் செய்யுங்கள். அவன் கையில் ஓர் ஈர்க்குத் துண்டைக் கொடுங்கள். முப்பத்தைந்தில் ஒரு பங்கான டார்பிடோ அதுவே. பாறையில் துளையிட்டு, வெடி வைத்து, முன்னே வழி திறந்தவர்களை நாம் அறிவோம். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் அவ்வேலை செய்தவர்கள் நம் குடும்பத்தவர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கத்தை உலகம் அறியும். அவர்கள் பெயரை அறியாது.

தாய்மார்களே, உங்கள் வினாவுக்கு விடை இதுவே. டாங்கியை மட்டும் செய்யும் பிள்ளை வலிமையை வியக்கும். அதன் முன்னே அம்மனிதனையும் செய்யும் பிள்ளை, வலிமைக்கு வழி திறந்தவன் கொடுத்த விலையை எண்ணும். அந்த எண்ணம் நம் குடியிருப்பின் பிள்ளைகள் எல்லோர்க்கும் வாய்ப்பதாக!